மொட்டை மாடியில் குளிரூட்டிய கேமரா: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டு மொட்டை மாடியிலிருந்து இரவு வானத்தைப் படம்பிடிக்கத் தொடங்குகிறவர்களில் பலரும் ஏற்கெனவே கையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவைத்தான் தொலைநோக்கியின் பின்னால் பொருத்துகிறார்கள். அது நல்ல தொடக்கம்தான். ஓரியன் நெபுலாவும் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளும் கார்த்திகைக் கூட்டமும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத விவரங்களோடு அதிலேயே பதிவாகிவிடும். ஓரிரு பருவங்கள் கழிந்த பிறகு, வானியலுக்கென்றே செய்யப்பட்ட குளிரூட்டிய கேமராவுக்கு மாறலாமா என்ற கேள்வி எழுகிறது. அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில், ‘குளிரூட்டினால் படத்தில் இரைச்சல் குறையும்’ என்ற ஒற்றை வரி. இங்கே இரைச்சல் என்பது சத்தமல்ல, படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் பொய்ப் புள்ளிகள். அந்த வரி பாதி உண்மைதான். எந்த வானத்தின் கீழ் நின்று, எந்த வடிகட்டியைப் போட்டு, எதைப் படம்பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே கேமரா ஒருவருக்குப் பெரும் பாய்ச்சலாகவும் இன்னொருவருக்கு வித்தியாசமே தெரியாத செலவாகவும் அமையக்கூடும்.

டிஎஸ்எல்ஆரின் முதல் குறை சென்சாரில் இல்லை, சென்சாருக்கு முன்னால் ஒட்டப்பட்டிருக்கும் கண்ணாடியில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சிலிக்கான் சென்சார் அகச்சிவப்பு ஒளியையும் உணரும். அதை அப்படியே விட்டால் மனித முகங்களின் நிறம் கெட்டுவிடும் என்பதால், உற்பத்தியாளர்கள் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றைச் சென்சாரின் மேல் வைக்கிறார்கள். அந்த வடிகட்டி அடர்சிவப்பிலேயே ஒளியைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. வானில் ஒளிரும் வாயு நெபுலாக்களில் மிகுதியாக வெளிப்படுவதோ ஹைட்ரஜன் ஆல்ஃபா எனப்படும் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளி. திருமண ஆல்பத்துக்காகச் செய்யப்பட்ட அந்தக் கண்ணாடியில் இந்த ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது. ரோசெட் நெபுலாவை எவ்வளவு நேரம் படம்பிடித்தாலும் அது சாம்பல் பூத்ததுபோல் மங்கலாகத் தெரிவதற்கு இதுவே முதற்காரணம்.

கேமரா நிறுவனங்களுக்கும் இது தெரியாததல்ல. கேனான் 2005இல் இருபதுடிஏ, 2012இல் அறுபதுடிஏ, 2019இல் ஈஓஎஸ் ஆர்ஏ ஆகிய மாதிரிகளையும், நிக்கான் 2015இல் டி810ஏ மாதிரியையும், இந்தச் சிவப்பை உள்ளே விடும் வடிகட்டியோடு வானியல் ஆர்வலர்களுக்கென்றே வெளியிட்டன. சாதாரண டிஎஸ்எல்ஆரைப் பிரித்து அந்த வடிகட்டியை அகற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சிவப்பு ஒளி மட்டுமே உங்கள் குறை என்றால், குறைந்த செலவில் அதைத் தீர்க்க வழியுண்டு. வடிகட்டி அகற்றப்பட்ட பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, கார் காலம் போன பிறகான மேகம் இல்லாத இரவில், நல்ல இருண்ட ஊரில், வியக்கத்தக்க படங்களைத் தரும்.

அடுத்தது வெப்பம். ஒளியே படாவிட்டாலும், வெப்பத்தின் காரணமாகச் சென்சாரில் எலக்ட்ரான்கள் தாமாகவே விடுபட்டுப் பிக்சல்களில் சேர்ந்துகொண்டே இருக்கும். இதை இருள் மின்னோட்டம் என்கிறோம். ஏறக்குறைய ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் இது இரட்டிப்பாகிறது. வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் உறையும் தோட்டங்களில் நின்று எழுதப்பட்டவை. அங்கே டிஎஸ்எல்ஆரையே பனிக்காற்று குளிரூட்டிவிடும். சென்னையில் மே மாத நள்ளிரவில் காற்றே 28 டிகிரிக்குக் குறையாது, பகலெல்லாம் வெயிலை உள்வாங்கிய காங்கிரீட் தளம் விடியும்வரை அதை உமிழ்ந்துகொண்டிருக்கும், கேமராவுக்குள் தொடர்ந்து இயங்கும் மின்சுற்று இன்னும் சில டிகிரி சேர்க்கும். சென்சார் 35 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் இயல்பு. கொடைக்கானலின் ஜனவரி இரவில் அதே கேமரா வேறொரு கேமராவைப் போல நடந்துகொள்ளும்.

குளிரூட்டிய வானியல் கேமராவில் சென்சாரின் பின்னால் பெல்டியர் தகடு இருக்கிறது. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் இந்த விளைவை 1834இல் கண்டறிந்தவர் பிரெஞ்சுக்காரரான ழான் பெல்டியர். சூடான பக்கத்தை ஒரு விசிறி ஆற்றுகிறது. இப்போது விற்பனையில் இருக்கும் பல கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரை குளிரக்கூடியவை. 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கினால், இரட்டிப்புக் கணக்கின்படி இருள் மின்னோட்டம் முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் குளிர்ச்சியை விட முக்கியமானது, வெப்பநிலையை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் திறன். தொலைநோக்கியின் மூடியைப் போட்டு எடுக்கும் இருள் படங்களை அசல் படங்களிலிருந்து கழிப்பது வழக்கம். இரண்டும் ஒரே வெப்பநிலையில் எடுக்கப்பட்டிருந்தால்தான் அந்தக் கழித்தல் சரியாக வரும். டிஎஸ்எல்ஆரில் மாலை எட்டு மணிக்கு ஒரு வெப்பநிலை, பின்னிரவில் வேறொன்று என்பதால், தெளிவான வானத்தின் ஒரு பகுதியை ஒவ்வொரு இரவும் இருள் படங்களுக்குத் தாரைவார்க்க வேண்டியிருக்கும். நிலைநிறுத்திய கேமராவில் ஒரு மழைநாளில் வீட்டுக்குள் உட்கார்ந்து 0 டிகிரியில், ஒரே கெயின் (சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும்) அளவில், 60 விநாடி, 180 விநாடி, 300 விநாடி என இருள் படங்களை எடுத்து வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் அவற்றையே பயன்படுத்தலாம். இங்கே ஒரு பொதுவான தவறெண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். இருள் படத்தைக் கழிப்பது சூடான பிக்சல்களின் நிலையான கோலத்தைத்தான் நீக்குகிறது. இருள் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் வரும் இரைச்சலை அது நீக்காது. அந்த இரைச்சலை மூலத்திலேயே குறைக்கக் குளிர்ச்சி ஒன்றே வழி.

இனி அந்தக் கணக்கு. இரைச்சலுக்கு மூன்று மூலங்களை எடுத்துக்கொள்வோம்: வானத்தின் பின்னணி ஒளி, இருள் மின்னோட்டம், சென்சாரைப் படிக்கும்போது சேரும் வாசிப்பு இரைச்சல். முதல் இரண்டிலும் சேர்ந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தால் இரைச்சல் கிடைக்கும். மூன்றாவதை வர்க்கப்படுத்தி மற்றவற்றோடு கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டுக்காக, நகரத்து வானம் ஒரு பிக்சலில் விநாடிக்கு 2 எலக்ட்ரான்களைக் கொட்டுகிறது என்றும், சூடான டிஎஸ்எல்ஆரின் இருள் மின்னோட்டம் விநாடிக்கு 0.3 என்றும், அதன் வாசிப்பு இரைச்சல் 3 எலக்ட்ரான் என்றும் வைத்துக்கொள்வோம். குளிரூட்டிய கேமராவுக்கு இருள் மின்னோட்டம் 0.01, வாசிப்பு இரைச்சல் 1.5.

வடிகட்டி ஏதும் இல்லாமல் 60 விநாடி எடுத்தால், டிஎஸ்எல்ஆரில் வானத்திலிருந்து 120, இருள் மின்னோட்டத்திலிருந்து 18, வாசிப்பிலிருந்து 9, ஆக 147. அதன் வர்க்கமூலம் சற்றேறக்குறைய 12. குளிரூட்டிய கேமராவில் 120, 0.6, 2.25, ஆக ஏறத்தாழ 123. வர்க்கமூலம் 11. பெருந்தொகை கொடுத்து வாங்கிய கேமரா குறைத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் வெளிப்படை. தெருவிளக்கும் விளம்பரப் பலகையும் கொட்டுகிற ஒளியில் மற்ற இரண்டும் மூழ்கிப்போகின்றன. எந்தக் குளிரூட்டியாலும் எதிர்வீட்டு எல்இடி விளக்கைக் குளிரவைக்க முடியாது.

இப்போது அதே தொலைநோக்கியில் இரட்டைப் பட்டை வடிகட்டி ஒன்றைப் போடுவோம். ஆப்டோலாங் நிறுவனத்தின் எல்-எக்ஸ்ட்ரீம் போன்ற வடிகட்டிகள் ஹைட்ரஜன் ஆல்ஃபாவைச் சுற்றி 7 நானோமீட்டரும், 500.7 நானோமீட்டரில் ஒளிரும் ஆக்சிஜனைச் சுற்றி 7 நானோமீட்டரும் மட்டுமே விட்டு, மற்றதையெல்லாம் தடுத்துவிடும். வானத்தின் பின்னணி இருபதில் ஒரு பங்காக, அதாவது விநாடிக்கு 0.1 எலக்ட்ரானாகக் குறைகிறது எனக் கொண்டு, 300 விநாடி படம் எடுக்கலாம். டிஎஸ்எல்ஆரில் வானம் 30, இருள் மின்னோட்டம் 90, வாசிப்பு 9, ஆக 129. குளிரூட்டிய கேமராவில் 30, 3, 2.25, ஆக 35 சொச்சம். இரைச்சல் 11.4க்குப் பதிலாக 5.9. பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. டிஎஸ்எல்ஆரைக் கொண்டே அந்தத் தரத்தை எட்ட வேண்டுமானால் ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் படம்பிடிக்க வேண்டும். வடிகட்டி அகற்றப்படாத டிஎஸ்எல்ஆர் என்றால் வரும் சிவப்பு ஒளியே கால்வாசி என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

வானம் பிரகாசமாக இருக்கும்வரை கேமராவின் இரைச்சல் ஒரு பொருட்டல்ல. வடிகட்டி வானத்தை இருட்டாக்கிய பிறகு மிச்சமிருப்பது கேமராவின் இரைச்சல்தான். ஆகவே நகரத்து மொட்டை மாடியில் குளிரூட்டிய கேமராவும், இப்படிக் குறுகிய அலைநீளப் பட்டைகளை மட்டும் விடும் குறும்பட்டை வடிகட்டியும் சேர்ந்தே ஒரு வாங்கல். ஒன்றை வாங்கி மற்றொன்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் அந்த ஓராண்டும் பாதிக் கிணறு தாண்டியதாகவே இருக்கும். விண்மீன் திரள்களுக்கு இந்த வித்தை பலிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றின் ஒளி கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டொளி. எல்லா அலைநீளங்களிலும் பரவியிருப்பது. குறும்பட்டை வடிகட்டி போட்டால் வானத்தோடு அவையும் மறைந்துவிடும். திரள்களின் மேல் ஆசை கொண்டவருக்கு, கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை ஜவ்வாது மலைப் பக்கமோ வேறு இருண்ட ஊருக்கோ போய்வரச் செலவிடுவதே கூடுதல் பலன் தரும் என்பது என் கருத்து. அந்த மலைத்தொடரில்தான் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்காகக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எந்த கேமரா என்ற கேள்வி இப்போது முன்பைவிட எளிதாகிவிட்டது. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி என்ற சென்சார் வகை, அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. பல பத்தாண்டுகள் வானியல் கேமரா என்றாலே சிசிடிதான். தன் சிசிடி உற்பத்தியை நிறுத்தப்போவதாக சோனி 2015இல் அறிவித்த பிறகு, ஆர்வலர் சந்தை முழுக்க சிமாஸ் என்ற மற்றொரு வகைச் சென்சார்களின் கைக்கு வந்துவிட்டது. இசட்டபிள்யூஓ, கியூஹெச்ஒய், பிளேயர் ஒன் என்று பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இருப்பது சோனியின் சென்சார் என்பதால், பிராண்டைவிடச் சென்சார் எண்ணைப் பார்ப்பதே பயனுள்ளது. ஐஎம்எக்ஸ் 533 என்பது பக்கத்துக்கு 11.3 மில்லிமீட்டர் கொண்ட சதுரச் சென்சார், 90 லட்சம் பிக்சல்கள், 14 பிட். ஐஎம்எக்ஸ் 571 என்பது பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு, 2 கோடியே 60 லட்சம் பிக்சல்கள், 16 பிட். இரண்டிலும் பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான், இரண்டிலும் மூலையில் மின்சுற்றின் சூட்டால் வரும் ஒளிக்கறை கிடையாது. சற்றுப் பழைய 183, 294 சென்சார்களில் அந்தக் கறை உண்டு. இருள் படம் அதைக் கழித்துவிடும் என்றாலும், வெப்பநிலை சரியாகப் பொருந்தாவிட்டால் எட்டிப்பார்க்கும்.

533ஐ வாங்குகிறவர், டிஎஸ்எல்ஆரைவிடச் சிறிய சென்சாருக்கு இறங்குகிறார் என்பது பலருக்கும் பெட்டியைப் பிரித்த பிறகே உறைக்கிறது. 400 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் ஏபிஎஸ்-சி சென்சார் 3.4க்கு 2.2 பாகை வானத்தைக் காட்டும். 533 காட்டுவது 1.6க்கு 1.6 பாகை. ரோசெட் நெபுலா அதில் கச்சிதமாக அடங்கும். மூன்று பாகை நீளும் ஆண்ட்ரோமீடா அடங்காது. பிக்சல் ஒவ்வொன்றும் வானத்தில் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்பதைக் கணக்கிட, மைக்ரானில் உள்ள பிக்சல் அகலத்தை 206.265ஆல் பெருக்கி மில்லிமீட்டரில் உள்ள குவியத் தொலைவால் வகுத்தால் போதும். 400 மில்லிமீட்டரில் 3.76 மைக்ரான் பிக்சல் 1.9 வில்விநாடியை (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) பார்க்கிறது. இது நம் மாடிகளின் நிலைக்கு ஏற்ற அளவு. 1000 மில்லிமீட்டரில் அது 0.78 ஆகிறது. சூடான தளங்களின் மேல் காற்று அலைபாயும் இடத்தில் அவ்வளவு நுணுக்கம் படத்தில் வந்து சேராது.

கறுப்பு வெள்ளைச் சென்சாரா, வண்ணச் சென்சாரா என்ற பழைய விவாதத்தில் நான் வண்ணத்தின் பக்கம். வண்ணச் சென்சாரின் மேல் உள்ள, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறத்தை மட்டும் விடும் பேயர் கட்டத்தில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு என்பதால், ஹைட்ரஜன் ஒளியைச் சேர்ப்பதில் கறுப்பு வெள்ளை கேமரா வல்லது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு வடிகட்டிச் சக்கரம், ஐந்தாறு வடிகட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மணிக்கணக்கான நேரம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் கோடை மேகங்களும் போக, நமக்கு ஒழுங்காகக் கிடைப்பது தை முதல் பங்குனி வரையிலான காலம்தான். அதில் பௌர்ணமியை ஒட்டிய நாட்களையும் கழித்துப் பார்த்தால், ஒரே இரவில் முடித்துவிடக்கூடிய வண்ணக் கேமராவும் இரட்டைப் பட்டை வடிகட்டியும் நடைமுறைக்கு ஒத்துவருகின்றன.

பொருத்தும்போது எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மூலைவரை விண்மீன்கள் புள்ளியாக விழும்படி புலத்தைத் தட்டையாக்கும் லென்ஸிலிருந்து சென்சார் வரையிலான தூரம் பெரும்பாலான தொலைநோக்கிகளில் 55 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் சென்சார் 44 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, இணைப்பு வளையம் 11 மில்லிமீட்டர் தடிமன். இரண்டும் சேர்ந்தால் 55. அதனால்தான் டிஎஸ்எல்ஆர்க்காரர்கள் இந்த அளவைப் பற்றிக் கவலைப்பட நேர்வதே இல்லை. பல வானியல் கேமராக்களில் சென்சார் 17.5 மில்லிமீட்டர்தான் உள்ளே இருக்கும். எஞ்சிய 37.5 மில்லிமீட்டரை 16.5, 21 என்ற அளவிலான இடைக்குழாய்களால் நிரப்ப வேண்டும். நடுவே 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வடிகட்டிக் கண்ணாடி வந்தால், அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.7 மில்லிமீட்டர், கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இதற்கெனவே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வாஷர் போன்ற மெல்லிய வளையங்கள் கிடைக்கின்றன. நடுவில் புள்ளியாக இருக்கும் விண்மீன்கள் மூலைகளில் மட்டும் வால் முளைத்தாற்போல் நீண்டிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

கடலோர ஊர்களில் ஈரப்பதம் தனிக் கவலை. பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரியாக இருக்கும் காற்றில் 0 டிகிரிக் கண்ணாடி ஒன்றை வைத்தால் அது உடனே வியர்க்கும். இதற்காகவே சென்சார் அறையை அடைத்து, உள்ளே ஈரமுறிஞ்சி மாத்திரைகள் வைத்து, முன்கண்ணாடிக்கு மெல்லிய சூடேற்றியும் பொருத்தியிருக்கிறார்கள். மாத்திரைகள் நிறைந்துவிட்டால் சென்சாரின் நடுவே உறைபனிக் கோலம் விழும். அவற்றை எடுத்து, தயாரிப்பாளர் சொன்னபடி சூடாக்கி உலர்த்தி மீண்டும் போட வேண்டும். வெளிநாட்டவர் பழக்கமாகச் சொல்லும் மைனஸ் 10 டிகிரியை நாமும் பின்பற்றத் தேவையில்லை. 30 டிகிரி இரவில் அந்த அளவு கேமராவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எல்லையை ஒட்டி ஓடும் குளிரூட்டியால் வெப்பநிலையை நிலைநிறுத்தவும் முடியாது. ஆண்டு முழுவதும் எட்டக்கூடிய 0 டிகிரியைத் தேர்ந்துகொண்டு அதற்கே இருள் படங்களைச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

டிஎஸ்எல்ஆருக்குத் திரையும் பட்டனும் நினைவட்டையும் பேட்டரியும் உடன்பிறந்தவை. வானியல் கேமராவுக்கு இவை எதுவும் இல்லை. 12 வோல்ட் மின்சாரமும், அதை இயக்கும் கணினியும் வேண்டும். மடிக்கணினியில் நினா என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம், அல்லது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் மேலேயே ஒட்டிக்கொள்ளும் சிறு கணினிப் பெட்டியை வாங்கலாம். 571 சென்சாரின் ஒரு படம் ஏறத்தாழ 52 மெகாபைட். நிமிடத்துக்கு ஒன்று என நான்கு மணி நேரம் எடுத்தால் 12 ஜிபிக்கு மேல் ஆகும். அடுக்கிச் சேர்ப்பதற்கு சிரில் போன்ற இலவச மென்பொருளே போதுமானது என்றாலும், பழைய மடிக்கணினி திணறும்.

இந்தக் கணினி இணைப்பு தொல்லை மட்டுமல்ல. நம் அட்சரேகையில் அது ஒரு வரமும்கூட. சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து 13 பாகை உயரத்திலும், கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்திலும்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். கேமரா எடுத்த படத்திலுள்ள விண்மீன்களை அட்டவணையோடு ஒப்பிட்டுத் தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்பதை மென்பொருளே கண்டுபிடிப்பதால், வானத்தின் வேறொரு பகுதியில் மூன்று படங்களை எடுத்தே மவுண்டின் அச்சைத் துருவத்தோடு நேராக்கிவிட முடிகிறது. துருவ நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதே தாழ்ந்த அட்சரேகையின் இன்னொரு கொடை, ஐரோப்பியர்கள் தம் வீட்டிலிருந்து காண முடியாத கரினா நெபுலா. சென்னையின் தெற்கு வானில் அது 17 பாகை வரை ஏறுகிறது. ஹைட்ரஜன் ஒளி மிகுந்த அந்த நெபுலா, மேலே கணக்கிட்ட வடிகட்டி–கேமரா இணைக்கென்றே படைக்கப்பட்டதுபோல் இருக்கும், தெற்கே திறந்த மாடி வாய்த்தவர்களுக்கு.

வாங்கும் வரிசையைப் பொறுத்தவரை, கேமரா மூன்றாவதாகத்தான் வர வேண்டும். 300 விநாடி படத்தின் பலனைப் பெற, மவுண்ட் 300 விநாடியும் பிசகாமல் விண்மீனைத் தொடர வேண்டும். வழிகாட்டும் சிறு தொலைநோக்கியும் அதற்கான சிறு கேமராவும் இல்லாமல் அது நடக்காது. இப்போது 60 விநாடியிலேயே விண்மீன்கள் கோடாக நீள்கின்றன என்றால், குளிரூட்டிய கேமரா அந்தக் கோடுகளை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். மவுண்டும் வழிகாட்டியும் அமைந்த பிறகு, இந்தியாவுக்கு இறக்குமதி செய்வதில் சேரும் சுங்கவரி, ஜிஎஸ்டி, அனுப்பும் செலவு ஆகியவற்றைக் கூட்டி, இரட்டைப் பட்டை வடிகட்டியின் விலையையும் முதலிலேயே அதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தத் தொகைக்குள் 533 அடங்குகிறதா, 571 அடங்குகிறதா என்று பார்க்கலாம். பழைய டிஎஸ்எல்ஆரை விற்றுவிட அவசரப்பட வேண்டாம். மார்கழிக் குளிரில் இருண்ட மலையூருக்குப் போகும்போது, கணினியும் 12 வோல்ட் பேட்டரியும் சுமக்காமல், ஒரு லென்ஸோடு பால்வீதியை அகலமாக எடுக்க அதுவே இன்றும் வசதியான கருவி.